பேரிசைவாணர் சார்லஸ் மிங்கஸ்

ஒரு மாளிகையைக் காண்பவர் அதன் மாடங்களையும் சிகரத்தையும் வியந்து பேசுவரேயன்றி, மண்ணுள் மறைந்து நின்று அவற்றைத் தாங்கும் அடித்தளத்தை நினைத்துப் பார்ப்பது அரிது. இசையரங்கின் இயல்பும் இத்தகையதே. ஊதுவாத்தியங்களும் பியானோவும் முற்பட்டுச் சென்று கேட்போர் செவியைக் கவர, டபிள் பேஸ் என்னும் பெருந்தந்தி வாத்தியமோ பின்வரிசையில் நின்று சுருதியையும் தாளத்தையும் தாங்குவதோடு அமைந்துவிடும். ஆள் உயரத்தை எட்டும் அவ்வாத்தியத்திற்குத் தந்திகள் நான்கே. அதன் ஆழ்ந்த ஒலி செவியால் கேட்கப்படுவதினும் நெஞ்சால் உணரப்படுவதே மிகுதி. அங்ஙனம் பின்னின்று சுமந்த வாத்தியத்தை முன்னே கொணர்ந்து நிறுத்தி, அதன் வாயிலாகவே ஒரு மக்கட் கூட்டத்தின் சினத்தையும் துயரையும் வழிபாட்டையும் பேசுவித்த ஒருவரின் சரித்திரத்தை இங்கே சுருக்கிக் கூறப் புகுகின்றோம். அவர் அமெரிக்க நாட்டு இசைவாணர் சார்லஸ் மிங்கஸ் என்பார்.

அவர் பயின்ற இசை ஜாஸ் எனப்படும். அமெரிக்காவில் அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், தம் முன்னோரின் தாளத்தையும், வயல்வெளிப் புலம்பலையும், ஆலயப் பாடலையும், ஐரோப்பிய வாத்தியங்களையும் ஒருங்கே கலந்து ஆக்கிக்கொண்ட கலை அது. எழுதிய மெட்டு ஒன்றை முதலில் நிறுவி, பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் மனோதர்மப்படி அதனை விரித்து வாசிப்பதே அதன் உயிர். எழுதியதற்கும் அவ்வப்போது உதிப்பதற்கும் உள்ள உறவை எவ்வாறு அமைப்பது என்பதே மிங்கஸ் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த வினா என்னலாம்.

மிங்கஸ் 1922ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22ஆம் நாள், மெக்ஸிகோ எல்லையை அடுத்த அரிஸோனா மாகாணத்து நொகேல்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். மகவு பிறந்து சில திங்களுக்குள் தாயார் காலஞ்சென்றார். குடும்பம் கலிபோர்னியா மாகாணம் சென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த வாட்ஸ் என்னும் பகுதியில் குடியேறியது. சிற்றன்னையின் அரவணைப்பில் மிங்கஸ் வளர்ந்தார். அவர்தம் குருதியில் பல இனங்கள் கலந்திருந்தன. ஆதலின் வெள்ளையர் அவரைக் கறுப்பர் என ஒதுக்கினர். கறுப்பருள்ளும் சிலர் அவர் நிறத்தை நோக்கி நம்மவர் அல்லர் என விலகினர். எக்கூட்டத்திலும் முழுமையாய்ச் சேராதவன் என்னும் எண்ணம் இளமையிலேயே அவருள் வேரூன்றியது. பிற்காலத்தே அவர் எழுதிய சுயசரிதையின் தொடக்கத்திலேயே தம்மை ஒருவராகவன்றி மூவராகக் கூறிக்கொள்வது இதன் விளைவு போலும்.

அவ்வீட்டில் ஆலய இசையன்றிப் பிறவற்றிற்கு இடம் மிகக் குறைவு. தந்தையார் சென்ற மெதொடிஸ்ட் ஆலயம் அமைதியும் ஒழுங்கும் உடையது. சிற்றன்னையார் அழைத்துச் சென்ற ஹோலினஸ் சபையோ வேறு வகையது. அங்கே போதகர் ஒன்று கூற, சபையார் அதற்கு மறுமொழி முழங்குவர், கைத்தாளம் எழும், அழுகையும் ஆர்ப்பரிப்பும் ஒன்றையொன்று தொடரும், பாட்டு எங்கே முடிந்தது, ஜெபம் எங்கே தொடங்கியது எனப் பிரித்தறிதல் இயலாது. சிறுவனுடைய செவியில் விழுந்த அவ்வொலி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அழியவில்லை. இவ்வாறிருக்க, ஒருநாள் வானொலியில் டியூக் எல்லிங்டன் என்னும் பெரியாருடைய வாத்தியக் கோஷ்டியின் இசையைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. ஆலயத்திற்கு வெளியேயும் அத்தகைய இசை உண்டு என்பதை அன்று அறிந்த சிறுவன், எல்லிங்டனைத் தம் மானசிக குருவாகக் கொண்டு இறுதிவரை போற்றினார்.

முதலில் அவர் கைக்கொண்டது டிராம்போன் என்னும் ஊதுவாத்தியம். அடுத்துக் கற்றது செல்லோ. செவியால் கேட்டதை உடனே வாசிக்கும் திறம் இருந்தது; எனினும் சுரக்குறிப்பை நோக்கி வாசிக்கும் முறையை ஆசிரியர் செவ்வனே கற்பிக்கவில்லை. அதனினும் பெரிய தடை மற்றொன்று உண்டு. அக்காலத்தில் அமெரிக்காவின் பெரிய ஐரோப்பிய இசைக் கோஷ்டிகளில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. செல்லோவில் எத்துணைத் தேர்ந்தாலும் அதனால் பிழைக்கவியலாது என்றும், டபிள் பேஸ் வாசிக்கக் கற்றால் ஜாஸ் கோஷ்டிகளில் இடம் கிடைக்கும் என்றும் அவருடைய இளமைத் தோழர் பட்டி காலட் அறிவுரை கூறினார். மிங்கஸ் செல்லோவைத் துறந்து பேஸை எடுத்தார். அநீதி ஒன்று தன் வாயிலை அடைத்ததால், அவர் வேறு வாயில் வழியே சென்று கலையுலகத்தின் நடுக்கூடத்தை அடைந்தார் எனலாம். ஆனால் அடைபட்ட அவ்வாயிலை அவர் ஒருநாளும் மறந்தாரல்லர்.

எடுத்த வாத்தியத்தில் அவர் புரிந்த உழைப்பு பெரிது. முதலில் ரெட் காலெண்டர் என்னும் ஜாஸ் வித்துவானிடம் பயின்றார். பின்னர் நியூயார்க் பில்ஹார்மானிக் கோஷ்டியில் முன்னர்ப் பணியாற்றிய ஹெர்மன் ரைன்ஷாகன் என்பாரிடம் ஐந்தாண்டுகள் பாடங்கேட்டார். லாயிட் ரீஸ் என்னும் ஆசிரியரிடம் இசையாக்கம் கற்றார். இவ்வாறு ஜாஸும் ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதமும் அவரிடத்தே ஒருங்கு கூடின. 1939ஆம் ஆண்டில், பதினேழு வயதினராய் இருந்தபோதே, தி சில் ஆப் டெத் என்னும் பெருங்கோஷ்டிக்குரிய இசைப்படைப்பு ஒன்றை இயற்றினார். மரணத்தின் குளிரைப் பொருளாகக் கொண்ட அப்படைப்பை வாசிப்பாரும் பதிவாரும் அன்று இலர். அது தன் காலத்தை எதிர்நோக்கி முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

1943ஆம் ஆண்டளவில் லூயிஸ் ஆர்ம்ஸ்டிராங் என்னும் புகழ்பெற்ற எக்காள வித்துவானுடனும், 1947, 1948ஆம் ஆண்டுகளில் லயனல் ஹாம்ப்டன் கோஷ்டியுடனும் மிங்கஸ் நாடு சுற்றினார். ஹாம்ப்டன் கோஷ்டி 1947இல் பதிவுசெய்த மிங்கஸ் பிங்கர்ஸ் என்னும் உருப்படியில், இவ்விளைஞரின் விரல்வேகத்தை உலகம் முதன்முதல் கேட்டது. ஆயினும் புகழ் வேறு, பிழைப்பு வேறு. சிலகாலம் அவர் தபாற்காரராய்ப் பை சுமந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கடிதம் வழங்கி வாழ்ந்தார். அந்நிலையில் 1950இல் ரெட் நார்வோ என்பார் அவரைத் தம் மூவர் கோஷ்டிக்கு அழைத்தார். நார்வோ வைப்ரபோனும், டால் பார்லோ கிடாரும், மிங்கஸ் பேஸும் வாசித்த அக்கோஷ்டியில் முரசு வாசிப்போர் இல்லை. ஆகவே தாளத்தின் முழுப்பொறுப்பும் பேஸின்மீது விழுந்தது. மின்னல் வேகத்தில் ஓடும் மெட்டுகளிலும் அவர் தளர்ந்தாரல்லர். கோஷ்டி பெரும்புகழ் எய்தியது. ஆனால் நியூயார்க் நகரில் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்று வாய்த்தபோது, அவரை விலக்கிவிட்டு வெள்ளையர் ஒருவரை அவ்விடத்தில் அமர்த்தினர். தம் நிறமே காரணம் என உணர்ந்த மிங்கஸ் கோஷ்டியை விட்டு நீங்கினார்.

பின்னர் நியூயார்க் நகரமே அவர்க்கு இல்லமாயிற்று. 1953இன் தொடக்கத்தில், இளமையிலிருந்து போற்றிவந்த எல்லிங்டனுடைய கோஷ்டியில் சேரும் பேறு கிட்டியது. அப்பேறு சின்னாளே நிலைத்தது. ஹுவான் டிசோல் என்னும் சக வாத்தியக்காரரோடு மூண்ட கைகலப்பின் காரணமாக எல்லிங்டன் அவரை நீக்கிவிட்டார். எவரையும் தாமே நேரில் நீக்காத பண்பினர் எனப் பெயரெடுத்த எல்லிங்டன், அவ்வழக்கத்தை விலக்கி நடந்த மிகச் சிலருள் மிங்கஸ் ஒருவர். தெய்வமெனக் கொண்டவராலேயே வெளியேற்றப்பட்ட துயரம் எத்தகையதென்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1962இல், எல்லிங்டனும் மிங்கஸும் முரசு வித்துவான் மாக்ஸ் ரோச்சும் மூவராய் அமர்ந்து மணி ஜங்கிள் என்னும் இசைத்தட்டை உருவாக்கினர் என்பதையும் இங்கே சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இசைத்தட்டு வாணிகர் இசைவாணரைச் சுரண்டுவது கண்டு, மிங்கஸ் தம் மனைவி சீலியாவோடும் மாக்ஸ் ரோச்சோடும் கூடி 1952இல் டெபியூ என்னும் சொந்த நிறுவனம் கண்டார். அதன் பெருஞ் சாதனை 1953ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று கனடா நாட்டு டொரொன்டோ நகரின் மாஸி மண்டபத்தில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மாக்ஸ் ரோச், மிங்கஸ் ஆகிய ஐவரும் ஒருங்கே வாசித்தனர். அதே இரவில் பெரிய குத்துச்சண்டைப் போட்டி ஒன்று நடந்தமையாலும் பிற காரணங்களாலும் மண்டபம் நிரம்பவில்லை. வித்துவான்களுக்கு உரிய ஊதியமும் சரிவரக் கிடைக்கவில்லை. எனினும் கச்சேரியின் ஒலிநாடாக்களை மிங்கஸ் கையோடு கொணர்ந்து தம் நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டார். அந்த ஐவரும் ஒருசேரப் பதிவு செய்தது அஃதொன்றே. அவர் அவற்றைக் கொணராதிருப்பின் அவ்விரவு காற்றோடு போயிருக்கும்.

இனி அவர்தம் இசையாக்க முறையைக் காண்போம். தம் கோஷ்டிக்கு அவர் இட்ட பெயர் ஜாஸ் பட்டறை என்பது. பட்டறையில் இரும்பு செந்தீயில் வெந்து, அடியுண்டு, வடிவம் பெறுவது போன்றே அங்கு இசை உருவாயிற்று. சுரக்குறிப்பை எழுதி வாத்தியக்காரர் கையில் கொடுத்துவிடுதல் அவர்க்கு உவப்பன்று. பியானோவில் வாசித்தும் வாயால் பாடியும் ஒவ்வொருவர்க்கும் உரிய பகுதியைச் செவிவழியே கற்பிப்பார். எழுத்தைப் பார்த்து வாசிப்பவன் எழுதியவன் குரலில் பேசுவான். செவியால் கற்றவனோ தன் குரலிலேயே பேசுவான் என்பது அவர் கருத்துப் போலும். அரங்கிலேயே கச்சேரியை நிறுத்திப் பிழை செய்தவரைக் கடிந்து மறுபடியும் தொடங்குவிப்பதும் உண்டு. கேட்போர் பேசிக்கொண்டிருந்தால் அவர்களையும் விட்டாரில்லை. டேனி ரிச்மண்ட் என்னும் முரசுக்காரர் 1956இன் பின்னர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவரோடு இணைந்து, வேகம் மாறுதலையும் தாளம் முறிதலையும் குறிப்பறிந்து தொடர்ந்தார்.

1956ஆம் ஆண்டில் வெளிவந்த பிதெகன்த்ரோபஸ் எரெக்டஸ் என்னும் படைப்பு மிங்கஸின் பெயரை நிலைநாட்டிற்று. விலங்கு நிலையினின்று முதன்முதல் நிமிர்ந்து நின்ற மனிதன், அந்நிமிர்வினாலேயே செருக்குற்று, பிறரை அடிமைப்படுத்த முயன்று, ஈற்றில் தானே வீழும் கதை அது. சொல் ஒன்றும் இன்றி இசையாலேயே அக்கதை கூறப்படுகின்றது. 1959ஆம் ஆண்டோ அவர்க்குப் பொன்னாண்டு. அவ்வாண்டு பதிவான ப்ளூஸ் அண்ட் ரூட்ஸ் என்னும் இசைத்தட்டில், சிற்றன்னையாருடைய சபையின் புதன்கிழமை இரவு ஜெபக்கூட்டம் மீண்டும் உயிர்பெறுகின்றது. ஒரு வாத்தியம் போதகராகிக் கூவ, மற்றவை சபையாராகி மறுமொழி தர, மிங்கஸ் தாமே இடையிடையே குரலெழுப்பி ஆர்ப்பரிப்பதைக் கேட்கலாம். மிங்கஸ் ஆ உம் என்னும் மற்றொரு தட்டின் பெயர், லத்தீன் மாணவர் உருப்போடும் சொல்லுருபுகளை நகையாடி வைத்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் காலமான சாக்ஸபோன் வித்துவான் லெஸ்டர் யங்கை நினைந்து இயற்றிய கையறுநிலையும் அதன்கண் உண்டு. யங் வழக்கமாக அணிந்த தொப்பியே அதன் பெயராயிற்று.

அதே தட்டில் பேபிள்ஸ் ஆப் பாபஸ் என்றோர் உருப்படி உளது. 1957ஆம் ஆண்டு ஆர்கன்ஸா மாகாணத்து லிட்டில் ராக் நகரில், அதுகாறும் வெள்ளை மாணவரே பயின்ற பள்ளியில் சேரவந்த ஒன்பது கறுப்பின மாணவரை மாகாண ஆளுநர் ஆர்வல் பாபஸ் படையை ஏவித் தடுத்தார். ஜனாதிபதி ஐஸனோவர் மத்திய படையை அனுப்பி அம்மாணவர்களைப் பள்ளிக்குள் சேர்ப்பித்தார். அவ்வாளுநரை எள்ளி மிங்கஸ் இயற்றியதே இவ்வுருப்படி. அதற்குரிய சொற்களைக் கொலம்பியா நிறுவனத்தார் அனுமதிக்கவில்லை என்பது பலரும் கூறும் செய்தி. 1960இல் காண்டிட் என்னும் சிறு நிறுவனத்தின் வாயிலாக, மிங்கஸும் ரிச்மண்டும் வினாவும் விடையுமாய்ச் சொற்களைக் கூவ, அது முழுவடிவில் வெளிவந்தது. கோமாளி நடைபோல் அசைந்து செல்லும் அம்மெட்டைக் கேட்போர் முதலில் நகைப்பர். பின்னர் நகைப்பின் அடியிலுள்ள கொதிப்பை உணர்வர். பள்ளி வாயிலில் தடுக்கப்பட்ட அம்மாணவரிடத்தே, செல்லோவைக் கீழே வைத்த இளைஞனை மிங்கஸ் கண்டிருத்தல் வேண்டும் என்பது நம் எண்ணம்.

திரைப்படத் துறையிலும் அவர் கால்வைத்தார். ஜான் கஸாவெட்டிஸ் என்பார் நியூயார்க் வீதிகளில் சிறுபொருட்செலவில் எடுத்து 1959இல் முடித்த ஷாடோஸ் என்னும் படத்திற்கு மிங்கஸ் இசையமைத்தார். நிறவேற்றுமையால் துன்புறும் உடன்பிறப்புகளின் கதை அது. நடிகர் அவ்வப்போது எழும் உணர்ச்சியின்படி நடித்து உருவாக்கிய படம். ஆகவே இசையும் அவ்வாறே உடனுக்குடன் பிறத்தல் வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். மனோதர்மத்தில் வல்லவரான மிங்கஸோ, ஆற அமர எண்ணி எழுதவே விரும்பினார். முடிவில் அவர் எழுதியதில் சிறுபகுதியும், அவர் கோஷ்டியைச் சார்ந்த ஷாபி ஹாடியின் தனி சாக்ஸபோன் இசையுமே படத்தில் மிகுதியும் இடம்பெற்றன. இருளடைந்த வீதிகளில் தனித்தலையும் மாந்தரோடு அக்குரலும் தனித்தே அலைவது, அப்படத்தைக் கண்டார் மறக்கவொண்ணாதது.

இதுகாறும் அவர்தம் பெருமையையே கூறினோம். சரித்திரம் எழுதுவோர் மறைக்கலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. மிங்கஸின் சினம் அநீதியின்மேல் மட்டும் பாய்ந்திலது. அருகிருந்தார் மேலும் பாய்ந்தது. 1958இல் உறக்கமின்மையால் துன்புற்றுத் தாமே பெல்வியூ மனநோய் மருத்துவமனையுள் புகுந்து, வெளியேற இயலாது தவித்தவர் அவர். 1962ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12ஆம் நாள் நியூயார்க் டவுன் ஹால் மண்டபத்தில் பெருங்கோஷ்டியோடு ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. நாள் முன்தள்ளப்பட்டமையால் இசை எழுதி முடிந்திலது. அந்நெருக்கடியில், பல்லாண்டு தம்மோடு வாசித்த டிராம்போன் வித்துவான் ஜிம்மி நெப்பரோடு பூசலிட்டு, அவர் வாயில் குத்தினார். பல் உடைந்தது. வாயே வாழ்வாக உடைய ஊதுவாத்தியக்காரர்க்கு அதனினும் கொடிய தீங்கு யாது? நெப்பர் எட்டிய உச்ச சுரங்களை அவ்வடி அவரிடமிருந்து நெடுங்காலம் பறித்துவிட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. மிங்கஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகித் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. கச்சேரியும் குலைந்தது, மேடையிலேயே எழுத்தர் அமர்ந்து சுரங்களைப் படியெடுத்துக் கொண்டிருக்க, எழுதி முடியாத இசையை அன்று அவையோர் கேட்டுச் சென்றனர். பிறர் தமக்கு இழைத்த தீங்கு இவர் பிறர்க்கு இழைத்த தீங்கை நேர்செய்யாது. மேதை என்னும் பெயரும் அதனை மறைக்கவொண்ணாது.

வீழ்ச்சிக்குப் பின் மூன்று திங்களில், 1963 ஜனவரி மாதம் 20ஆம் நாள், பதினொருவர் கொண்ட கோஷ்டியோடு தி பிளாக் ஸெயின்ட் அண்ட் தி ஸின்னர் லேடி என்னும் படைப்பைப் பதிவு செய்தார். நடனத்திற்குரியதாய் ஆறு பகுதிகளாக அமைந்த அதனை அவருடைய தலைசிறந்த ஆக்கம் என்போர் பலர். தட்டின் உறையில் அச்சிடுவதற்கு முன்னுரை எழுதித் தருமாறு தம் மனநல மருத்துவரையே அவர் வேண்டினார் என்பது வியப்பு. 1964இல் ஐரோப்பியப் பயணம் சென்றபோது உடன்வந்த எரிக் டால்பி என்னும் அரிய வித்துவான் அங்கேயே தங்கினார். ஜூன் மாதம் 29ஆம் நாள் பெர்லின் நகரில் நீரிழிவு நோயால் முப்பத்தாறாம் வயதில் மாய்ந்தார். அப்பிரிவு மிங்கஸை மிகவும் வருத்தியது. 1966இல் வாடகைத் தகராற்றினால் இருப்பிடத்தினின்று வெளியேற்றப்பட்டு, இசைப்பள்ளி நிறுவ எண்ணியிருந்த அவ்விடத்துப் பொருள்களும் பேஸும் சுரக்குறிப்புத் தாள்களும் வீதியில் கிடக்க நின்ற காட்சியை, தாமஸ் ரைக்மன் என்பார் படமெடுத்து 1968இல் வெளியிட்டார். அதன்பின் சில ஆண்டுகள் அவர் மேடையேறுதல் அரிதாயிற்று.

எனினும் அணைந்தது போன்ற தீ முற்றும் அணையவில்லை. 1971இல் அவர்தம் சுயசரிதை அச்சேறியது. குகன்ஹைம் நிதியத்தின் உதவித்தொகையும் கிடைத்தது. அவ்வாண்டிலேதான், பதினேழு வயதில் இயற்றிய தி சில் ஆப் டெத் பெருங்கோஷ்டியால் பதிவு செய்யப்பட்டு, 1972இல் லெட் மை சில்ட்ரன் ஹியர் மியூஸிக் என்னும் தட்டில் வெளிவந்தது. ஜார்ஜ் ஆடம்ஸ், டான் புல்லன், ஜாக் வால்ராத் முதலிய இளைஞரைச் சேர்த்து அமைத்த புதுக்கோஷ்டியுடன் 1974இன் இறுதியில் சேஞ்சஸ் என்னும் பெயரால் இரு தட்டுகள் பதிவு செய்தார்.

அக்காலத்தே ஜாஸ் இசையுடன் மின்கருவிகளையும் ராக் தாளத்தையும் பிறநாட்டு இசைகளையும் இணைக்கும் புதுமரபு தோன்றியிருந்தது. அதனைப் பியூஷன் என்பர். மிங்கஸ் தமக்கே உரிய வழியில் அதனை அணுகினார். இத்தாலிய இயக்குநர் எலியோ பெட்ரியின் டோடோ மோடோ என்னும் படத்திற்கென 1976இல் ரோமாபுரியில் இசை அமைத்துப் பதிவு செய்தார். படம் வெளிவந்தபோது அதில் ஒலித்தது என்னியோ மொரிக்கோனேயின் இசை. திரைக்கதவு இரண்டாம் முறையும் பாதியே திறந்து மூடியது எனலாம். ஆயினும் மிங்கஸ் தம் இசையை இழந்தாரல்லர். 1977இல் பதிவான கும்பியா அண்ட் ஜாஸ் பியூஷன் என்னும் நெடும்படைப்போடு சேர்ந்து அது 1978இல் தட்டாக வெளிவந்தது. கும்பியா என்பது கொலம்பியா நாட்டு மக்களின் நடன இசை. பறவைக் குரல்களோடும் கைமுரசுகளோடும் தொடங்கி, காட்டினின்று நகரத்திற்குச் செல்வது போல் சிறிது சிறிதாய் ஜாஸாக மாறி, ஏறத்தாழ இருபத்தெட்டு நிமிடம் அது விரிந்து செல்கின்றது. அக்கோஷ்டியில் டிராம்போன் வாசித்தவர் யாவர் எனின், ஜிம்மி நெப்பரே. அடியுண்டவர் மீண்டும் வந்து அடித்தவர் அருகில் அமர்ந்து ஊதினார். அவ்விருவருள் பெருந்தன்மை எவருடையது என்பதை நாம் கூறவேண்டுவதில்லை.

1977இன் இறுதியில் மருத்துவர் அவர்க்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்புநோய் உளதெனக் கண்டனர். தந்திகளை வணக்கிய விரல்கள் அசையாவாயின. சக்கர நாற்காலியே இருக்கையாயிற்று. அப்போதும் மெட்டுகளை வாயால் பாடி ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். 1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள், ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஜாஸ் விழா எடுத்தார். அங்குக் கூடிய வித்துவான்களும் விருந்தினரும் எழுந்துநின்று தம்மை வாழ்த்தக் கண்ட மிங்கஸ், நாற்காலியில் அமர்ந்தவாறே கண்ணீர் பெருக்கினார். ஜனாதிபதி அருகே சென்று அவரைத் தழுவித் தேற்றினார். பாடகி ஜோனி மிட்செல் அவர்தம் மெட்டுகளுக்குச் சொல்லமைத்து உருவாக்கிய மிங்கஸ் என்னும் தட்டு 1979இல் வெளிவந்தது. அதில் பேஸ் வாசித்தவர் ஜாகோ பஸ்டோரியஸ் என்னும் இளைஞர். அவர் கையிலிருந்தது மின்பேஸ். பேஸ் முன்னின்று பேசலாம் என மிங்கஸ் காட்டிய நெறியை அடுத்த தலைமுறை எவ்வளவு தூரம் கொண்டு சென்றது என்பதற்கு அத்தட்டே சான்று.

அத்தட்டு வெளிவருமுன்னரே, 1979ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 5ஆம் நாள், நோய் தீர்க்கும் வழிதேடிச் சென்றிருந்த மெக்ஸிகோ நாட்டுக் குவெர்னவாகா நகரில், ஐம்பத்தாறாம் வயதில் மிங்கஸ் உயிர்நீத்தார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியை மனைவியார் சூ நம் நாட்டிற்குக் கொணர்ந்து கங்கையாற்றில் கரைத்தார். எவ்வினத்தாரும் தம்மவர் என முழுதும் ஏற்காத ஒருவர், எந்நாட்டு எல்லைக்கும் அடங்காத கடலை நோக்கிச் செல்லும் ஆற்றோடு கலந்தார்.

அவர் மறைந்தபின் அவர்தம் தாள்களை ஒழுங்குபடுத்திய ஆண்ட்ரூ ஹோம்சி என்னும் அறிஞர், பெருங்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். நாலாயிரத்திற்கும் மேற்பட்ட தாளக் கட்டங்கள் கொண்ட அப்படைப்பிற்கு மிங்கஸ் இட்ட பெயர் எபிடாப், அஃதாவது கல்லறை வாசகம். 1962இல் டவுன் ஹாலில் குலைந்த இசை அதன் பகுதியே. 1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள், நியூயார்க் லிங்கன் மையத்து ஆலிஸ் டல்லி மண்டபத்தில், கன்தர் ஷுல்லர் நடத்த, ஏறத்தாழ முப்பது வித்துவான்கள் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அதனை முழுமையாய் வாசித்தனர். இயற்றியவர் இறந்து பத்தாண்டு கழிந்திருந்தது. 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் அவர்தம் கைப்பிரதிகளைப் பெற்றுப் பாதுகாக்கலாயிற்று. ஒருகாலத்தில் வீதியில் எறியப்பட்ட தாள்களுக்கு நாட்டின் தலைமை நூல்நிலையத்தில் இடம் கிடைத்தது.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? மிங்கஸ் குற்றமற்றவர் அல்லர். அவரைக் குற்றமற்றவராக்கிக் காட்டுதல் அவர்க்கும் நெப்பருக்கும் செய்யும் அநீதியாகும். ஆனால் ஒன்று தெளிவு. சினம் கையில் இறங்கியபோது அது தோழரின் பல்லை உடைத்தது; அதுவே தந்தியில் இறங்கியபோது ஓர் ஆளுநரின் செருக்கை நாணச் செய்தது. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே நெருப்பு. கல்லூரியில் பயிலும் நம்மில் எவரிடத்தும் அந்நெருப்பு இல்லாமல் இல்லை. நாட்டில் அதனை மூட்டும் அநீதிகளும் குறைந்தபாடில்லை. அதனை எங்கே இறக்குவது என்று நாள்தோறும் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது. அடுத்தமுறை ஏதேனும் ஓர் இசைத்தட்டைக் கேட்கும் அன்பர்கள், முன்னின்று முழங்கும் வாத்தியங்களைச் சற்றே விலக்கி, அடியில் நடந்து செல்லும் அந்தப் பெருந்தந்தியின் ஒலிக்குச் செவிசாய்ப்பாராக.